வறண்ட மண்ணில் பசுந்தீவனம்: உயிர் உரங்கள் எவ்வளவு கைகொடுக்கும்?

கறவை மாடு ஒன்றுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் நான்கு பங்கு ஈரம். காயவைத்தால் 5 கிலோ மிஞ்சும். 1910களில் அமெரிக்காவின் கொலராடோவில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பயிர்களைத் தொட்டியில் வளர்த்தார்கள். ஒரு கிலோ உலர் எடை கூடுவதற்கு எந்தப் பயிர் எவ்வளவு தண்ணீரை இலை வழியாக வெளியேற்றுகிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். சோளத்துக்கு ஏறக்குறைய 300 லிட்டர். குதிரைமசாலுக்கு 800 லிட்டருக்கும் மேல். அந்தக் கணக்கில், ஒரு மாட்டின் ஒரு நாள் சோளத்தட்டைக்கு 1,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. மாட்டுக்குத் தொட்டியில் காட்டும் தண்ணீர் இதில் சேர்த்தியில்லை.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் தீவனம் வைத்திருந்தவர்கள் மாட்டைக் காப்பாற்றினார்கள். மற்றவர்கள் சந்தைக்கு ஓட்டிப் போனார்கள். நல்ல வருடத்திலேயே நம் தீவனக் கையிருப்பு பற்றாக்குறைதான். ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் தன் தொலைநோக்கு ஆவணத்தில் நாட்டின் பசுந்தீவனப் பற்றாக்குறையை 35.6 சதவீதம் என்று மதிப்பிட்டது. சாகுபடி நிலத்தில் தீவனத்துக்கென்று ஒதுக்குவது 4 சதவீதம் அளவில்தான் இருக்கிறது. அந்த நிலமும் பெரும்பாலும் மானாவாரி, அல்லது கிணற்றில் மிச்சமிருக்கும் தண்ணீரை நம்பிய துண்டு.

இந்த நிலையில்தான் ‘உயிர் உரம் இட்டால் பயிர் வறட்சியைத் தாங்கும்’ என்ற பேச்சு பயிற்சிக் கூட்டத்திலும் உரக்கடையிலும் காதில் விழுகிறது. பேச்சில் உண்மை இருக்கிறது. எந்த அளவுக்கு, எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. தீவனப் பயிரைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியைத் தனியாகவே பார்க்க வேண்டும். நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் கிடைத்த விடையை அப்படியே தூக்கி வந்து புல்லுக்குப் பொருத்த முடியாது.

காரணம் இதுதான். நெதர்லாந்தைச் சேர்ந்த டி விட் 1958இலேயே எழுதிவிட்டார்: வெயில் காயும் வறண்ட பகுதிகளில் பயிரின் உலர் எடை, அது இலை வழியே விடும் தண்ணீரோடு சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். தானியப் பயிருக்காவது ஒரு சந்து உண்டு. முன்பருவத்தில் இலை கொஞ்சம் குறைந்து, அந்த ஈரம் பால்பிடிக்கும் நேரத்துக்கு மிஞ்சினால் மணி தேறிவிடும். தீவனத்தில் நாம் அறுப்பதே இலையையும் தண்டையும்தான். இலைத்துளைகளை மூடிக்கொண்டு தண்ணீரை மிச்சம் பிடிக்கும் பயிர், வளர்வதையும் அந்த அளவுக்கு நிறுத்திவிடுகிறது. ஆகவே, 300 லிட்டர் கேட்கும் சோளத்தை 150 லிட்டரில் வளர்த்துக் கொடுக்கும் நுண்ணுயிர் எந்த உயிர் உரத்திலும் கிடையாது. அப்படிச் சொல்லி யார் விற்றாலும் வாங்க வேண்டாம்.

நுண்ணுயிர் வேலை செய்வதற்கு இடம் வேறு பக்கத்தில் இருக்கிறது. மண்ணில் இருக்கும் ஈரம் எல்லாம் வேருக்குப் போவதில்லை. மேலடுக்கில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிறது. கீழடுக்கில் ஒரு பகுதி வேர் எட்டாமல் கிடக்கிறது. சத்துக் குறைந்த பயிரோ, கிடைத்த தண்ணீரையும் முழு வளர்ச்சியாக மாற்றத் தெரியாமல் நிற்கிறது. அதோடு, மழை இடைவெளியில் தூர் சாகாமல் இருந்தால்தான் அடுத்த மழைக்குத் தழையும். உயிர் உரத்தின் பயன் இந்த இடைவெளிகளில் இருக்கிறது.

அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உயிர் உரமான கதை புல்லில்தான் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. டச்சு நுண்ணுயிரியலாளர் பெய்ஜெரிங்க் 1925இல் விவரித்த இந்தப் பாக்டீரியாவை அரை நூற்றாண்டு யாரும் பெரிதாக எண்ணவில்லை. 1970களில் பிரேசிலில் யோஹன்னா டோபரைனர், டிஜிடேரியா என்ற மேய்ச்சல் புல்லின் வேரில் அதைத் திரும்பக் கண்டெடுத்தார். காற்றிலுள்ள தழைச்சத்தைப் புல்லுக்கும் பிடித்துக் கொடுக்கிற நுண்ணுயிர் என்று உலகமே அதைக் கொண்டாடியது. பிறகு வயலில் பார்த்தபோது, கிடைத்த பலனில் பெரும்பங்கு தழைச்சத்தால் வந்ததல்ல என்று தெரிந்தது. இந்தப் பாக்டீரியா ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கிறது. பக்கவேர்களும் தூவிகளும் பெருகுகின்றன. வறட்சிக்கு வேண்டியது இதுதான்.

இஸ்ரேலில் ஓக்கோனும் அவருடைய சகாக்களும் சோள வயலில் செய்த சோதனை இதை நேராகக் காட்டியது. 1988இல் வெளியான அந்த ஆய்வில், அசோஸ்பைரில்லம் இட்ட சோளம் இடாத சோளத்தைவிடச் சுமார் 15 சதவீதம் அதிகமான ஈரத்தை மண்ணிலிருந்து எடுத்தது, அதுவும் ஆழமான அடுக்குகளிலிருந்து. பயிர் தண்ணீரை மிச்சம் பிடிக்கவில்லை. எட்டாமல் கிடந்த தண்ணீரை எட்டிப் பிடித்தது. டி விட்டின் கணக்கும் தப்பவில்லை, பயிரும் தழைத்தது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் இவ்வளவு தெளிவாக விஷயத்தைச் சொல்லும் சோதனை வேறில்லை. இதிலேயே ஒரு நிபந்தனையும் அடங்கியிருக்கிறது: கீழே ஈரம் இருக்க வேண்டும். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே சுக்கான் பாறை என்றால் வேர் எங்கே போகும்?

வேரைத் தோண்டிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மழை விட்டுப் பத்து நாள் ஆன காட்டில் கொழுக்கட்டைப்புல் தூர் ஒன்றை மண்வெட்டியால் நெம்பி எடுத்து, மெதுவாக உதறிப் பாருங்கள். பருமண் உதிர்ந்துவிடும். ஆனால் வேரைச் சுற்றி ஒரு மண்ணுறை, கம்பிக்கு நூல் சுற்றியதுபோல, உதிராமல் நிற்கும். விரலால் உருவினால்தான் வரும். வேர்த்தூவிகளும், வேரும் பாக்டீரியாக்களும் கசியவிடும் பசையும் சேர்ந்து கட்டிய உறை அது. பசை ஈரத்தைப் பிடித்து மெதுவாக விடுகிறது. காய்ந்து சுருங்கும் மண்ணுக்கும் வேருக்கும் நடுவில் காற்றிடைவெளி விழாமல் பார்த்துக்கொள்கிறது. ஐதராபாத்தில் உள்ள மானாவாரி வேளாண்மைக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில், வறண்ட நிலங்களிலிருந்து பிரித்தெடுத்த சூடோமோனாஸ் வகை ஒன்றைச் சூரியகாந்தி நாற்றுகளில் இட்டுப் பார்த்தார்கள். வேரோடு ஒட்டும் மண் கூடியது, வாடலுக்குத் தப்பிய நாற்றுகளும் கூடின.

மூன்றாவது ஒரு வேலையும் உண்டு. ஈரம் குறையத் தொடங்கியதும் செடிக்குள் எத்திலீன் வாயு பெருகி, ‘வளர்ச்சியை நிறுத்து, இலையை உதிர்’ என்று ஆணையிடுகிறது. அந்த எத்திலீனுக்கு மூலமான பொருளைச் சில பாக்டீரியாக்கள் வேர்ப்பக்கமே தின்று தீர்த்துவிடுகின்றன. கனடாவின் கிளிக் 1998இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார். பத்து நாள் வறட்சிக்கே பயிர் பயந்து ஒடுங்காமல் இருக்க இது உதவுகிறது. நீண்ட வறட்சியில் இதே குணம் நல்லதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அந்த நேரத்தில் இலையைக் கழிப்பதும் செடிக்கு ஒரு தற்காப்புத்தான்.

வேரோடு கூடி வாழும் வேர்ப் பூசணத்தின் கதை மணிச்சத்தோடு பிணைந்தது. மணிச்சத்து மண்ணில் நகர்வதே குறைவு. துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தின் வழியாக ஊர்ந்துதான் வேருக்கு வர வேண்டும். மண் காயக் காயப் படலம் மெலிகிறது, பாதை அறுகிறது. வறட்சியில் பயிர் தாகத்தால் மட்டும் வாடுவதில்லை. மணிச்சத்து கிடைக்காமலும் குன்றிப்போகிறது. நாம் வேம் என்று பழகிய அந்தப் பூசணத்தின் இழைகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த பருமன் கொண்டவை. வேர்த்தூவி நுழையாத துளைகளிலும் நுழைந்து, வேருக்குச் சில அங்குலம் தள்ளியுள்ள மணிச்சத்தையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. இழை நேரடியாக எவ்வளவு தண்ணீர் கடத்துகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. மணிச்சத்து விஷயத்தில் வேறுபாடு இல்லை. சூப்பர் பாஸ்பேட்டையோ டிஏபியையோ தாராளமாகக் கொட்டிய வயலில் வேர் இந்தப் பூசணத்தை அதிகம் உள்ளே விடுவதில்லை. வீட்டில் சோறு இருக்கும்போது கூலிக்கு ஆள் எதற்கு என்பதுபோல.

பயறுவகைத் தீவனத்துக்கு வந்தால் நிலைமை சிக்கலாகிறது. தீவனத் தட்டைப்பயறு, வேலிமசால், குதிரைமசால் எல்லாம் வேர்முடிச்சுப் பாக்டீரியாவான ரைசோபியத்தோடு வாழ்பவை. பூக்கும் முன் தட்டைப்பயறுச் செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள்; உள்ளே இளஞ்சிவப்பாக, நம் இரத்தத்திலுள்ள நிறமிக்கு உறவான ஒரு நிறமியோடு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. இரண்டு வாரம் தண்ணீர் விடாமல் மறுபடி கீறினால் சாம்பல் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். இலை வாடித் தெரிவதற்கு முன்பே முடிச்சு வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. வறட்சி என்று வந்தால் பயறுவகையில் முதலில் படுப்பது இந்தக் கூட்டுவாழ்க்கைதான். எனவே ரைசோபியம் பயறுக்குத் தழைச்சத்து தரும். வறட்சி தாங்கும் சக்தியை அது ஒன்றே தந்துவிடாது. கூடவே வேர்ப் பூசணமும் இருந்தால் முடிச்சுக்கு வேண்டிய மணிச்சத்து கிடைத்துக் கொஞ்சம் கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 1960களில் நடந்தது இங்கே சொல்லத் தக்கது. அங்கே மணற்பாங்கான நிலங்களில் ரைசோபியம் சேர்த்து விதைத்த க்ளோவர் என்ற மேய்ச்சல் பயிர் முதல் வருடம் செழித்தது. இரண்டாம் வருடம் தானாக முளைத்த செடிகள் வெளுத்துச் செத்தன. ஆய்வாளர் மார்ஷலும் அவருடன் இருந்தவர்களும் தேடிப் போய்க் கண்ட காரணம்: நடுவில் வந்த கொதிக்கும் கோடையில், காய்ந்த மணலில் இருந்த ரைசோபியம் கூண்டோடு அழிந்துவிட்டது. களிமண் உள்ள நிலங்களில் அதே பாக்டீரியா பிழைத்திருந்தது. களித்துகள்கள் அதைப் போர்த்திக் காத்தன. வறட்சியைத் தாங்க நாம் அனுப்பும் உயிருக்கே வறட்சி எமன் என்பதை இதைவிட நன்றாகச் சொல்லும் நிகழ்வு இல்லை. நம் செம்மண் மேடுகளிலும் தேரி மணலிலும் ஒரு தடவை இட்டதோடு விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தொழுஉரம் அங்கே வெறும் சத்துக்காக மட்டும் போடுவதல்ல. நுண்ணுயிருக்குக் கோடையில் ஒதுங்க நிழல்.

மொத்தச் சோதனைகளையும் திரட்டிப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? ரூபினும் அவருடைய சகாக்களும் 2017இல் செய்த தொகுப்பாய்வில், வேர்ப் பாக்டீரியாக்கள் தண்ணீர் போதுமான நிலையில் தண்டு இலை எடையை 28 சதவீதமும், வறட்சியில் 45 சதவீதமும் கூட்டியதாகக் கண்டார்கள். ஷூட்ஸ் குழுவினர் 2018இல் உலகளவில் வயல் சோதனைகளைத் தொகுத்தபோது, உயிர் உரங்களின் பலன் வறண்ட பகுதிகளில்தான் அதிகம் என்று வந்தது: சராசரியாக 20 சதவீத விளைச்சல் உயர்வு, குளிர்ந்த கண்டப் பகுதிகளில் 8.5 சதவீதம். நம்பிக்கை தரும் எண்கள்தான். ஆனால் முதல் தொகுப்பில் 45 சதவீதம் என்பதை நான் வயலுக்குக் கொண்டுபோக மாட்டேன். இத்தகைய சோதனைகளில் தொட்டியில் நடந்தவை ஏராளம், தொட்டியில் போட்டி நுண்ணுயிரும் குறைவு, வேர் போக ஆழமும் இல்லை. தவிர, 45 சதவீதம் கூடினாலும் அது வறட்சியில் குன்றிய பயிரின் மேல் கூடியது. அசோஸ்பைரில்லம் பற்றிய இருபது வருட வயல் சோதனைகளை 1994இல் திரட்டிய ஓக்கோனும் லபாந்தெராவும் சொன்னது இன்னும் நிதானமானது: பத்தில் ஆறேழு சோதனைகளில் பலன், 5 முதல் 30 சதவீதம் வரை. மீதி மூன்று நான்கில் ஒன்றுமில்லை. ஒரு விவசாயி கணக்குப் போட வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான். பொட்டலத்தின் விலை குறைவு. அதனால் பத்தில் ஆறு என்பதே போதுமான வாய்ப்பு என்பது என் எண்ணம்.

பிரேசில் இதைப் பெரிய அளவில் எடுத்துச் சென்றது. சீரழிந்த மேய்ச்சல் நிலங்களில் பிரேக்கியாரியா புல்லுக்கு அசோஸ்பைரில்லம் இடும் முறையை எம்ப்ராப்பா நிறுவனத்தின் மரியாஞ்செலா ஹங்ரியா வளர்த்தெடுத்தார். 2025ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. டோபரைனரில் தொடங்கியது அதே நாட்டில் அதே புற்களிடம் திரும்பி வந்திருக்கிறது.

இங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தீவனச் சோளத்துக்கு எக்டேருக்கு 600 கிராம் அசோஸ்பைரில்லத்தை விதையில் கலக்கவும், 2 கிலோவைத் தொழுஉரத்தோடும் மண்ணோடும் சேர்த்து நிலத்தில் இடவும் சொல்கிறது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கு அசோஸ்பைரில்லமும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவும் தலா 2 கிலோ. அப்படி இட்டால் ரசாயன உரத்தில் கால்பங்கைக் குறைக்கலாம் என்பது பரிந்துரை. இலையில் தெளிக்கும் இளஞ்சிவப்பு மெத்திலோபாக்டீரியாவும் கோவையிலிருந்து வந்ததே. இலைத்துளை வழியே கசியும் மெத்தனாலை உண்டு வாழும் இதை, வறட்சி நேரத்தில் 1 சதவீதக் கரைசலாகத் தெளிக்கச் சொல்கிறார்கள். வேர் வழி வேலை செய்யும் உரங்களுக்கு விதைக்கும் நாளிலேயே ஈரம் வேண்டும். தெளிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நடுப்பருவத்தில் வாட்டம் காணும்போது கைக்கு உதவும்.

வழியில் பலன் கெடுவது எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் வயலுக்கு வரும் முன்பே. ஒரு சித்திரை மாதத்தில் உரக்கடை ஒன்றின் தகரக் கூரைக்கு நேர் கீழே, மேல் அடுக்கில் அசோஸ்பைரில்லப் பொட்டலங்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. பிரித்தபோது கறுப்புப் பொடி கைவிரலில் ஒட்டாமல், காய்ந்த காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. காலாவதித் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006இல் உயிர் உரங்களைச் சேர்த்தார்கள். பொடியில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மில்லிக்கு 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும், பொடியில் 30 முதல் 40 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும் என்கிறது விதி. தொழிற்சாலை வாசலில் அந்த எண்ணிக்கை இருந்திருக்கும். தகரக் கூரைக்கு அடியில் இருந்திருக்காது. உயிர் உரம் பலிக்கவில்லை என்று சொல்லும் விவசாயிகளில் பலர் செத்த உரத்தை இட்டவர்கள். அவர்கள் மேல் தவறில்லை. திரவ வடிவம் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்குகிறது, ஆயுளும் அதிகம். கிடைக்குமிடத்தில் அதையே வாங்கலாம்.

வீட்டில் செய்வதிலும் கவனம் வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதையில் பிரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். பூஞ்சாணக்கொல்லி கலக்கிய விதை என்றால் ஒரு நாள் இடைவெளி விட்டு, உயிர் உரத்தைக் கடைசியாகக் கலக்க வேண்டும். புழுதி விதைப்பு செய்பவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம். மழைக்குக் காத்து இரண்டு வாரம் சூடான புழுதியில் கிடக்கும் விதையின் மேல் பாக்டீரியா பிழைக்காது. அவர்கள் முதல் மழை பெய்து பயிர் முளைத்தபின் தொழுஉரத்தோடு கலந்து சாலில் தூவுவது மேல்.

அறுப்பும் வேர் நுண்ணுயிருக்கு ஒரு பஞ்சம்தான். புல்லைத் தரையோடு அறுத்த மறுநாளிலிருந்து இலை இல்லை, சர்க்கரை இல்லை. வேர் தன் ஒரு பகுதியை உதிர்க்கிறது, பூசணமும் பட்டினி கிடக்கிறது. நான்கு விரல்கடை விட்டு அறுப்பதா, ஒரு சாண் விட்டு அறுப்பதா என்பது உயிர் உரத்தின் பலனையே மாற்றும். காய்ந்த காலத்தில் உயர்த்தி அறுத்த தூர் சீக்கிரம் தழைப்பதன் காரணத்தில் இதுவும் ஒன்று.

தீவனத்தைத் தின்பது மாடு என்பதை இந்த ஆராய்ச்சிகள் பல நேரம் மறந்துவிடுகின்றன. அமெரிக்காவில் கென்டகி 31 என்ற பெஸ்கியூ புல், 1943இல் வெளியானபின் லட்சக்கணக்கான ஏக்கரில் பரவியது. வறட்சியை அருமையாகத் தாங்கியது. மாடுகள் மட்டும் மெலிந்தன, குளம்பு அழுகின, வெயிலில் மூச்சு வாங்கின. 1977இல் காரணம் தெரிந்தது: புல்லுக்குள்ளேயே வாழும் ஒரு பூஞ்சை. புல்லுக்கு வலு தந்த அதே பூஞ்சைதான் மாட்டுக்கு நஞ்சையும் தந்தது. அது கடையில் வாங்கும் உயிர் உரம் அல்ல, புல்லோடு பிறந்து வந்தது. ஆனாலும் தீவனப் பயிருக்குள் குடியேறும் எந்த நுண்ணுயிரையும் மாட்டின் வயிற்றில் பார்க்காமல் பரிந்துரைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்று போதும்.

நம் ஊரில் இதன் மறுபக்கம் சோளம். வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு நிற்கும் இடத்திலேயே விழும் என்பது எந்தப் பாட்டிக்கும் தெரியும், சயனைடு நஞ்சு. வாடிய பயிரைத் தேற்றுவதாக நினைத்து யூரியா போட்டால் நஞ்சு கூடவும், நைட்ரேட் தேங்கவும் வாய்ப்பு அதிகம். உயிர் உரத்தை நம்பி யூரியாவில் கால்பங்கைக் குறைப்பது செலவுக்கு மட்டும் நல்லதல்ல, வறண்ட வருடத்தில் மாட்டின் உயிருக்கும் பாதுகாப்பு. இதைத் தனியாக யாரும் பேசிக் கேட்டதில்லை, பேச வேண்டும்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால், பணமும் கவனமும் முதலில் போக வேண்டிய இடம் பல்லாண்டுப் புற்கள் என்றே எனக்குப் படுகிறது. அறுபது நாள் சோளத்தில் வேர்ப் பூசணம் வலை பின்னி முடிப்பதற்குள் அறுவடை வந்துவிடும். மூன்று நான்கு வருடம் நிற்கும் ஒட்டுப்புல்லிலும் கொழுக்கட்டைப்புல்லிலும் ஒரு முறை குடியேறியது வருடக்கணக்கில் உழைக்கும். அந்த நுண்ணுயிர்களை எங்கே தேடுவது என்பதற்கும் பதில் நம்மிடம் இருக்கிறது.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொரங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் சொச்சம் மழை. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப்புல். பல காடுகளை அடிக்கடி உழுவதில்லை. வைகாசியில் போய்ப் பார்த்தால் புல் வைக்கோல் நிறத்தில் தூராக நிற்கும், மண் வெடித்திருக்கும். ஒரு மழை விழுந்த மூன்றாம் நாள் அதே தூரில் பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கும். அந்தத் தூரின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணுறையில் இருப்பவை, தலைமுறை தலைமுறையாகக் காய்ந்தும் நனைந்தும் பிழைத்தவை. அவற்றைப் பிரித்தெடுத்து, பெருக்கி, ஒட்டுப்புல்லின் கரணையில் இட்டுப் பார்க்கும் வேலை ஆய்வகங்களுக்கு எட்டாததல்ல. இதற்கிடையில் கொரங்காடுகள் காற்றாலைக்கும் வீட்டுமனைக்கும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. புல்டோசர் முதலில் சீவி ஓரம் தள்ளுவது அந்த மேல் அரையடி மண்ணைத்தான்.